மம்ப்சிமஸ்: ஒரு பழைய வார்த்தையும் என் மூன்று கால் முயலும்

போன வாரம் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு சண்டை. "முயற்சிக்கிறேன்" என்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, "அது தப்பு, முயல்கிறேன் என்பதுதான் சரி" என்றான் நண்பன். பயில் என்பதிலிருந்து பயிற்சி வருகிறது, ஆனால் யாராவது "பயிற்சிக்கிறேன்" என்கிறோமா? அதே மாதிரிதான் இதுவும் என்று விளக்கமும் சொன்னான். பதில் இல்லை என்னிடம். ஆனாலும் விடவில்லை. முயல்கிறேன் என்றால் காட்டில் ஓடுகிற முயல்தான் ஞாபகம் வருகிறது, நான் இப்படித்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

என்னைப் போன்றவர்களுக்காகவே ஆங்கிலத்தில் ஒரு பழைய வார்த்தை இருக்கிறது: மம்ப்சிமஸ். இன்று அகராதிக்கு வெளியே இதைப் பார்ப்பது அபூர்வம்.

இதற்குப் பின்னால் ஒரு பாதிரியார் கதை. லத்தீன் வழிபாட்டில், நற்கருணை வாங்கிய பிறகு சொல்லும் ஜெபத்தில் "சும்ப்சிமுஸ்" என்று ஒரு சொல் வரும். "உட்கொண்டோம்" என்று அர்த்தம். அரைகுறை லத்தீன் தெரிந்த அந்தப் பாதிரியார் அதை "மும்ப்சிமுஸ்" என்றே சொல்லிவந்தார். அப்படி ஒரு சொல் லத்தீனில் கிடையாது. ஒருவர் திருத்தியபோது, என் பழைய மும்ப்சிமுஸை உங்கள் புதிய சும்ப்சிமுஸுக்காக மாற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அறிஞர் எராஸ்மஸ் 1516-ல் ஒரு கடிதத்தில் இந்தக் கதையைச் சொல்கிறார். அடுத்த வருடமே ரிச்சர்ட் பேஸ் என்ற ஆங்கிலேயர் தன் லத்தீன் நூலில், முப்பது வருடம் அப்படிச் சொன்ன ஆசாமி என்று எழுதினார். (கதையே நடந்ததா என்பது வேறு விஷயம். நல்ல கதை!)

அதிலிருந்து அந்தத் தவறுக்கும் மம்ப்சிமஸ் என்று பெயர், அதை விடாத ஆளுக்கும் அதே பெயர். நம் "தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்" இதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பது என் கருத்து. பழமொழியில் இருப்பது பிடிவாதம் மட்டும். மம்ப்சிமஸில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது: யாரோ வந்து நான்காவது காலைக் காட்டியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் அது வெறும் அறியாமை. அதற்காக யாரையும் கேலி செய்வது நியாயமில்லை.

இந்த வார்த்தையை அடுத்தவர் மேல் வீசுவது சுலபம். எட்டாம் ஹென்றி 1545 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் பேசும்போது, சிலர் பழைய மம்ப்சிமஸைப் பிடித்துத் தொங்குகிறார்கள், சிலர் புதிய சம்ப்சிமஸில் மூழ்கிக் கிடக்கிறார்கள் என்று இரு தரப்பையும் கண்டித்தார். யார் சொல்வது பாருங்கள்! 1540 ஜூலை 30 அன்று, ஒரே நாளில், சீர்திருத்தக்காரர் மூவரை எரித்தும் கத்தோலிக்கர் மூவரைத் தூக்கிலிட்டும் கொன்றது அவருடைய ஆட்சிதான்.

நிற்க. மொழியில் மம்ப்சிமஸைக் காலம் மன்னித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒரு பட்டாணிக்கு "பீஸ்" என்றுதான் பெயர் இருந்தது. அது பன்மை போல ஒலிக்கிறதே என்று மக்களாகவே "பீ" என்ற ஒருமையைக் கண்டுபிடித்தார்கள். "நேப்ரன்" தலை இழந்து "ஏப்ரன்" ஆனது. இன்று இவற்றைத் திருத்தப் போனால் நம்மைத்தான் சிரிப்பார்கள். நாளைக்கு "முயற்சிக்கிறேன்" கூட இப்படிக் கரையேறலாம்.

மருத்துவத்தில் அப்படி இல்லை. 1847-ல் வியன்னாவில், பிணப் பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்க்க வரும் மருத்துவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார் செம்மல்வைஸ். தாய்மார்களின் சாவு வெகுவாகக் குறைந்தது. கண்ணெதிரே கணக்கு இருந்தும் பல பெரிய மருத்துவர்கள் ஏற்கவில்லை. அவர் 1865-ல் மனநலக் காப்பகத்தில் இறந்தார். அந்த மருத்துவர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒத்துக்கொண்டால், இத்தனை நாள் இறந்தவர்களுக்குத் தங்கள் கைகளே காரணம் என்றும் ஒத்துக்கொள்ள வேண்டும். முப்பது வருட ஜெபத்தைவிட அது எவ்வளவு கனமானது என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு அப்படி ஒரு கனமும் இல்லை. ஒரு எழுத்துப் பிழை, அவ்வளவுதான். ஆனாலும் ஒரு வாரமாக அந்த நண்பனிடம் "நீ சொன்னது சரிடா" என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்று ராத்திரி சாப்பாட்டின்போது சொல்ல முயற்சிக்கிறேன்.