பழைய மோட்டாருக்குப் புதிய பம்பு வேண்டுமா?

நம் நகரில் பழைய மோட்டார் வண்டிகளைப் பேணிக் காப்போர் பலர் உளர். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப்பினர் அவற்றைப் பொதுமக்கள் காண அணிவகுத்து நிறுத்துங்கால், முதியோரும் இளைஞரும் திரண்டு சென்று வியக்கின்றனர். சிம்ப்ஸன் கம்பெனியார் 1903-ஆம் ஆண்டிலேயே நீராவி மோட்டார் வண்டியொன்றைக் கட்டிய ஊர் நம் சென்னை. ஆதலின் இவ்வார்வம் நமக்கு இயல்பேயாம். ஆயினும், இவ்வண்டிகளுக்கு வைத்தியம் செய்யப் புகுவோர் எளிதில் கூறிவிடும் ஒரு மருந்தைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். வண்டி கொதித்தால் உடனே தண்ணீர்ப் பம்பு ஒன்றைப் பொருத்துக என்பதே அம்மருந்து.

மயிலாப்பூரில் என் உறவினர் இல்லத்தில் ஓர் ஆஸ்டின் செவன் வண்டி உண்டு. சென்ற ஆண்டு ஒருநாள், லஸ்ஸிலிருந்து தியாகராய நகர் சென்ற அவ்வண்டி பனகல் பார்க் அருகே சிக்னலில் நின்றவாறே ஆவி கக்கலாயிற்று. வந்து பார்த்த மெக்கானிக் ஒருவர், "இதில் பம்பே இல்லை, ஐயா! எஞ்சினில் இரண்டு துளை போட்டு ஒன்றை வைத்துவிடலாம்" என்றார். உறவினரும் உடன்பட்டு விட்டார். பம்பு இல்லாதது குறையா, அன்றி அமைப்பா என்று ஒருவரும் கேட்டிலர்.

அது குறையன்று, அமைப்பே. ஒரு லிட்டர் நீர் 4 டிகிரி வெப்பத்தில் 1000 கிராம் நிறையுடையது. 90 டிகிரியில் ஏறக்குறைய 965 கிராமே. சூடேறி இலேசான நீர் எஞ்சினிலிருந்து மேலெழுந்து ரேடியேட்டரின் தலைப்பகுதியை அடைகிறது. அங்குக் குளிர்ந்து கனத்த நீர் கீழிறங்கி மீண்டும் எஞ்சினுள் புகுகிறது. வெப்பம் மிகுந்தால் ஓட்டமும் மிகும். குறைந்தால் தானே தணியும். 1922 முதல் 1939 வரை வெளிவந்த ஆஸ்டின் செவன் இம்முறையையே நம்பிற்று. 1948-இல் தோன்றிய மோரிஸ் மைனரின் முதல் எஞ்சினும் அத்தகையதே.

இவ்விஷயத்தில் போர்டு கம்பெனியின் வரலாறு நமக்கு நல்லாசிரியன். 1908-இல் வெளிவந்த டி மாடலின் முதல் 2,500 வண்டிகள் அளவில் பம்பு இருந்தது. 1909-இல் அதனை நீக்கிவிட்டனர். 1927 வரை செய்யப்பட்ட ஒன்றரைக் கோடி வண்டிகளில் எஞ்சியவை யாவும் பம்பின்றியே உலகெங்கும் ஓடின. அடுத்து வந்த ஏ மாடலிலோ வலிமை 20 குதிரைத்திறனிலிருந்து 40 ஆக உயர்ந்தது. அதற்குப் பம்பு வைத்தனர். பம்போடு பிறந்த வண்டிக்கு அதனைச் செப்பனிட்டுக் கொள்ளுதல் கடமை. பம்பின்றிப் பிறந்த வண்டிக்கு முதலில் வேண்டுவது நோயறிதல்.

"அக்காலத்துச் சாலைகள் வேறு, இக்காலத்து நெரிசல் வேறு. உஸ்மான் சாலையில் அரைமணி நேரம் நிற்கும் வண்டிக்குப் பம்பு வேண்டாவோ?" என்று நண்பர்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஆனால் பம்பைச் சுழற்றுவது எஞ்சின். வண்டி நிற்கையில் எஞ்சின் மெதுவாகச் சுழலும். ஆகவே பம்பும் மெதுவாகவே இறைக்கும். நீரைத் தள்ளுவதே பம்பின் தொழில், குளிர்விப்பது அன்று. குளிர்விப்பன ரேடியேட்டரும் அதனூடே செல்லும் காற்றுமே. ரேடியேட்டரின் குழாய்கள் அடைபட்டிருப்பின், வலிய பம்பு நீரை மேல்தொட்டியில் நிரப்பி, கீழிறங்க வழியின்றி வெளியே வழிந்தோடச் செய்யும். அப்போது கேடு முன்னினும் பெரிதாகும்.

குழாய்கள் அடைபடுவதற்கு நம் ஊரின் நீரே பெருங்காரணம். கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்மையாய்ப் படிவதை இல்லந்தோறும் காண்கிறோம். பல்லாண்டுகள் அந்நீரையே குடித்த எஞ்சினுள்ளும் அப்படிவு உறைந்து, வெப்பம் வெளியேறாவண்ணம் தடுக்கிறது.

நற்காலமாக, துளையிடுமுன் வேறொரு முதிய மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினோம். அவர் ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாக்கி, கீழ்வாயிலிருந்து மேல்வாய்க்கு நீரைச் செலுத்தினார். துருவும் சுண்ணாம்பும் கலந்த சேறு நெடுநேரம் வெளிவந்தது. நீர்மட்டம் மேற்குழாயின் வாய்க்குக் கீழே தாழ்ந்திருந்ததையும் அவர் காட்டினார். மட்டம் அங்ஙனம் தாழ்ந்தால் சுழற்சியே அற்றுப்போம். தளர்ந்த விசிறி வாரை இறுக்கினார். பிந்தி எரிந்த தீப்பொறியைச் சரியான நேரத்திற்குக் கொணர்ந்தார். காய்ச்சி வடித்த நீரோடு துருப்பிடியாமைக்குரிய திரவமும் சேர்த்து நிரப்பினார். பின்னர் அவ்வண்டி லஸ்ஸிலிருந்து அடையாறு வழியே எலியட்ஸ் கடற்கரை சென்று, கொதியாது திரும்பிற்று. சித்திரை நண்பகலில் நெடிய சிக்னலில் நின்றால் இன்றும் சூடேறத்தான் செய்கிறது. அப்போது எஞ்சினை நிறுத்திவிடுகிறோம்.

பம்பே கூடாதென்று யான் வாதிக்கவில்லை. மேற்கூறிய யாவும் செய்தபின்னும் வண்டி கொதிப்பின், ஒரு துளையும் இடாது, பழைய திருகுகளிலேயே பொருத்தி மீளக் கழற்றத்தக்க பம்பை வைத்துக்கொள்க. கழற்றிய உறுப்புகளைப் பத்திரப்படுத்துக. எஞ்சினில் இட்ட துளையோ மீளாதது. அன்று அதைக் கட்டியோர் என்ன எண்ணினர் என்பதை நாளைய மாணவன் அவ்விரும்பிலிருந்தே படித்தறிய வேண்டும். அப்பாடத்தைத் துளைத்தழிக்க நமக்கு உரிமையில்லை.

மாணவ நண்பர்களே! நமக்கு விளங்காத ஒன்றைக் குறையென்று கருதி, அதன்மேல் புதியதொன்றை ஏற்றுதல் எளிது. அது ஏன் அங்ஙனம் அமைந்தது என்று ஒருமுறை வினவுதல் அரிது. சோதனைச்சாலையிலும் தொழிலிலும் அவ்வரியதையே முதலில் செய்வீர்களாக.