நிறுத்தச் சொல்பவருக்கு அதிகாரம் வேண்டும்

இஸ்ரோ தலைவர் முனைவர் வி. நாராயணன் அவர்களுக்கு,

எல்விஎம்3 ராக்கெட்டின் கிரையோஜெனிக் நிலையை உருவாக்கிய திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் நீங்கள். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் வீரர்களைச் சுமக்கப்போவதும் அதே ராக்கெட்தான். அதனால் அவர்களின் பாதுகாப்புக்கான ஒரு கோரிக்கையை உங்களிடம் வைப்பதே முறை.

1971 ஜூன் 30 அன்று சோவியத்தின் சோயுஸ் 11 விண்கலம் கஜகஸ்தானில் ஒழுங்காகவே வந்து இறங்கியது. கதவைத் திறந்தால் உள்ளிருந்த வீரர்கள் மூவரும் இறந்திருந்தார்கள். விண்ணில் கலத்தின் பகுதிகள் பிரிந்தபோது ஒரு வால்வு திறந்துகொண்டு, உள்ளிருந்த காற்று முழுவதும் வெளியேறிவிட்டது. அழுத்த உடை காப்பாற்றியிருக்கும். ஆனால் உடையோடு மூவர் உட்கார அதில் இடமில்லை. மூவரை ஏற்றுவதற்காக உடையை விட்டுவிட்டார்கள். விபத்துக்குப் பின் உடை வந்தது, ஓர் இருக்கை போனது. சோயுஸில் மூன்றாமவர் மறுபடி ஏற 1980 ஆயிற்று.

அமெரிக்க விண்ணோடத்தின் கதை இன்னும் கொடியது. பூஸ்டர்கள் எரியும்போது வீரர்கள் தப்ப அதில் வழியே இல்லை. 1986இல் சாலஞ்சர் விண்ணோடம் சிதறிய பிறகும் அதைச் சேர்க்க முடியவில்லை. 2011இல் ஓய்வுபெறும்வரை அப்படியேதான் பறந்தது.

ககன்யானில் தப்பிக்கும் அமைப்பை முதலிலேயே வைத்தீர்கள். அதற்கு நன்றி. 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் அதைச் சோதித்தபோது, கவுண்ட்டவுனில் 5 விநாடி மிச்சமிருக்கக் கணினி ஏவலை நிறுத்தியது. யாரும் அதை மீறவில்லை. காரணத்தைக் கண்டு சரிசெய்து, காலை 10 மணிக்கு ஏவினார்கள்.

மனிதர் நிறுத்தச் சொன்னாலும் இதே மதிப்பு கிடைக்க வேண்டும் என்பதே என் கவலை. சாலஞ்சர் புறப்படுவதற்கு முந்தைய இரவு, குளிரில் பூஸ்டரின் ரப்பர் வளையங்கள் வாயுவைத் தடுக்காமல் போகலாம் என்று ரோஜர் பாய்ஜோலியும் சக பொறியாளர்களும் மன்றாடினார்கள். அவர்களுடைய நிறுவனத்தின் மேலதிகாரிகளே அதை ஒதுக்கித் தள்ளினார்கள். 2003இல் கொலம்பியா விண்ணோடமும் எழுவரோடு அழிந்த பிறகுதான், தேதிக்கும் செலவுக்கும் பொறுப்பில்லாத தனிப் பொறியியல் அமைப்பு வேண்டும் என்று விசாரணைக் குழு பரிந்துரைத்தது.

ககன்யானின் பாதுகாப்பைச் சோதிப்பவர்கள், அதன் தேதிக்குப் பொறுப்பானவர்களின் கீழ் இருக்கக் கூடாது. ஏவலை நிறுத்தும் அதிகாரத்தை அவர்களுக்கு எழுத்திலேயே கொடுங்கள். நிறுத்தியவரின் பதவி உயர்வுக்குப் பங்கம் வராது என்பதையும் அதே ஆணையில் சேருங்கள். ஆளில்லாச் சோதனைகளில் கண்ட குறைகளையும், அவற்றைத் தீர்த்த விதத்தையும், முதல் வீரர் கலத்தில் ஏறுவதற்கு முன்பே மக்கள் படிக்க வெளியிடுங்கள்.

மிக்க மரியாதையுடன்,
ஒரு குடிமகன்