பேச்சுக்கும் இலக்கணம் உண்டு

தமிழ்த்துறை மலரில் ஆங்கிலம் கற்பித்தலைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். வழக்கு, செய்யுள் ஆகிய இரண்டையும் ஆராய்ந்து இயற்றப்பெற்ற நூல் தொல்காப்பியம் என்று அதன் பாயிரம் கூறும். மக்கள் வழங்கும் மொழியும் இலக்கணத்திற்கு உரியதே என்பது நம் முன்னோர் கொள்கை. அதனை நாள்தோறும் வகுப்பில் எடுத்துரைக்கும் நாம், நம் மாணவர் ஆங்கிலம் பேச அஞ்சி வாயடைத்து நிற்கும்போது வாளாவிருத்தல் முறையன்று.

நம்மிடம் பயின்று வளைகுடா நாடொன்றிற்குப் பணிக்குச் சென்ற மாணவர் ஒருவர், விடுமுறையில் வந்தபோது தம் முதல்நாள் அனுபவத்தைக் கூறினார். ஆங்கிலேய மேலாளர் ஒருவர் எதிர்ப்பட்டு, "ஆல்ரைட்?" என்றாராம். தம் உடல்நலத்தில் ஏதோ குறை கண்டுவிட்டார் போலும் என்றெண்ணிய மாணவர், பயணத்தில் வந்த தலைவலி முதல் யாவற்றையும் முழு முழு வாக்கியங்களாக விவரித்தாராம். அது வெறும் முகமன் என்றும், "யெஸ், யூ?" என்று கூறி நகர்ந்திருந்தால் போதும் என்றும் அறிய அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. "அதற்குள் பேசத் தெரியாதவன் என்று பெயர் வாங்கிவிட்டேன், ஐயா" என்று கூறி அவர் சிரித்தார். நம்மால் சிரிக்க இயலவில்லை. ஆங்கிலத் தாளில் ஒருமுறையும் தவறாதவர் அவர்.

குறை அவரிடத்தில் இல்லை. நம் பாடநூல்களில் உரையாடல் என்ற பெயரில் வருவன பெரும்பாலும் எழுத்து வாக்கியங்களே. இயல்பாகப் பேசுவோர் அவ்வாறு பேசுவதில்லை என்பதை மொழியறிஞர் சான்றுகளுடன் நிறுவியுள்ளனர். நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரொனால்டு கார்ட்டர், மைக்கேல் மெக்கார்த்தி ஆகிய இருவரும், மக்கள் இயல்பாகப் பேசியவற்றைப் பதிவு செய்து 50 இலட்சம் சொற்கள் கொண்ட தொகுப்பை உருவாக்கினர். 2006-இல் வெளிவந்த அவர்தம் இலக்கண நூல், பேச்சிற்கும் எழுத்திற்கும் ஒத்த இடம் அளித்தது. பேச்சு என்பது எழுத்தின் சிதைவன்று; தனக்கென ஒழுங்குடையது என்பதே அவர்தம் முடிபு.

அவர்கள் கண்ட கூறுகள் தமிழருக்குப் புதியன அல்ல. "தட் ஹவுஸ் ஆன் த கார்னர், இட்ஸ் மை அங்கிள்ஸ்" என்கிறார் ஆங்கிலேயர். "அந்த முக்கு வீடு, அது எங்க மாமா வீடு" என்கிறோம் நாம். "ஹீ இஸ் எ குட் மேன், யுவர் ஃபாதர்" என்பதும், "தங்கமானவர், உங்க வாப்பா" என்பதும் ஒரே அமைப்பின. அவர்தம் "வெல்", "ஐ மீன்" என்பன செய்யும் பணியை நம் "வந்து", "அதாவது" என்பன செய்கின்றன. "டீ ஆர் சம்திங்" என்பதற்கு நம்மிடம் "டீ கீ" உண்டு. தேநீரைத்தான் அருந்த வேண்டும் என்று விருந்தினரை நெருக்காத பண்பு அந்தக் 'கீ'யில் அடங்கியுள்ளது. இதனைப் பிழை எனத் தள்ளிவிடல் தகுமா?

பேச்சும் எழுத்தும் இரு வேறு வழக்குகளாக நிற்கும் நிலையை விளக்கிச் சார்லஸ் பெர்குசன் 1959-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, அரபு மொழியை முதன்மையான சான்றுகளுள் ஒன்றாகக் கொண்டது. மதரஸாவில் கற்ற அரபியைக் கொண்டு துபாய்க் கடைத்தெருவில் பேச முற்பட்ட நம் பெரியோர் இதனை அனுபவத்தால் அறிவர். தமிழும் இத்தகைய இரட்டை வழக்கு மொழியே. ஆகவே, பேச்சிற்குத் தனி இலக்கணம் உண்டு என்பதை நம் மாணவர் எளிதில் உணர்வர். உணர்த்துவார் இல்லாமையே குறை.

"அவ்வாறாயின் கொச்சையைக் கற்பிக்கச் சொல்கிறீரா?" என வினவுவோர் உளர். அன்று. தமிழ்க் கட்டுரையில் "வந்து" என்று எழுதுமாறு எவரும் கூறார். விண்ணப்பமும் தேர்வும் எழுத்து வழக்கிலேயே அமைதல் வேண்டும். மேலும், நாட்டிங்காம் தொகுப்பு பிரிட்டன், அயர்லாந்து மக்களின் பேச்சு. நம் மாணவர் பேசப்போவதோ மலையாளியோடும் எகிப்தியரோடும் பிலிப்பைன்ஸ் நாட்டவரோடும். ஆங்கிலேயர் போலவே பேச வேண்டும் என்பதில்லை. கேட்டுப் புரிந்துகொள்வது முதற்படி. தமக்கு ஏற்றனவற்றை மட்டும் தேர்ந்து வழங்குவது அடுத்த படி.

குறிப்பாக, கேட்போர் சொற்களைக் கற்பித்தல் வேண்டும். பெரியோர் பேசும்போது வாய்மூடிக் கேட்பது நம்மிடையே மரியாதை. தொலைபேசியில் ஆங்கிலம் பேசுவோரிடம் அந்த மௌனம் புரியாமை என்றே கொள்ளப்படும். "ஐ சீ", "ரைட்", "ரியலி?" என்னும் சிறு சொற்கள் அக்குறையைப் போக்கும்.

வழியும் எளிதே. மாணவர் தம் வீட்டுப் பேச்சை, வீட்டார் இசைவோடு, ஐந்து நிமிடம் பதிவு செய்து கேட்டபடியே எழுதட்டும். அதே அளவு இயல்பான ஆங்கில உரையாடலையும் எழுதட்டும். இரண்டையும் அருகருகே வைத்துத் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் வாரம் ஒரு மணிநேரம் இணைந்து விளக்கினால் போதும். பெரும்பொருட் செலவு இல்லை. நிருவாகத்தார் அந்த ஒரு மணிநேரத்தைக் கால அட்டவணையில் அளித்து உதவுதல் வேண்டும்.

முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் நம் வகுப்பறைகளில் அமர்ந்துள்ளனர். அறிவிருந்தும் நாவெழாமையால் அவர்கள் பின்தங்குதல் கூடாது. அவர்தம் நாவின் தயக்கம் நீங்க வல்ல இறைவன் அருள்புரிவானாக.