பிள்ளைகள் எதைப் படிக்கலாம்? – சுற்றுச்சூழல் அறிவியல்



"பி.எஸ்சி.யில் சுற்றுச்சூழல் அறிவியல் எடுக்கப் போகிறேன்" என்று உங்கள் பிள்ளை சொல்லும்போது உங்கள் முகம் வாடினால் அதில் வியப்பில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தாராவியில் ஒற்றை அறைக்குள் குடும்பத்தை வளர்த்து, கடன் வாங்கிக் கட்டணம் செலுத்துகிற தகப்பனுக்கு, "மரம் நடுவதற்கு ஒரு பட்டமா?" என்ற கேள்வி எழத்தானே செய்யும்!

இந்தக் குழப்பத்திற்குக் காரணம் உண்டு. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கும்படி 1991-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2003-இல் மறுபடியும் வற்புறுத்தவே, எல்லாப் பிரிவு மாணவருக்கும் அது ஒரு தாளாக வந்தது. பரீட்சைக்கு முந்தின இரவில் புரட்டிப் பார்த்துத் தேறிவிடுகிற அந்தத் தாளைத்தான் நாம் அறிவோம். முதன்மைப் பாடமாகப் படிப்பது முற்றிலும் வேறு. வேதியியல், உயிரியல், நிலவியல், புள்ளியியல் யாவும் அதில் வரும். கணக்குக்குப் பயந்து ஓடுகிற பிள்ளைக்கு அது புகலிடமல்ல.

ஓர் உதாரணம் பாருங்கள். பவாய், விஹார் ஏரிகளின் உபரிநீரைக் கொண்டு தொடங்கும் மித்தி ஆறு, தாராவியின் ஓரமாய் ஓடி மாஹிம் கழிமுகத்தில் சேர்கிறது. 2005 ஜூலை 26 அன்று, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானபோது, அந்த ஆறு கரை கடந்து வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அதன் நீர் கெட்டது என்று மூக்கே சொல்லிவிடும். எவ்வளவு கெட்டது என்று மூக்கால் சொல்ல இயலாது. மாணவன் அந்நீரைக் குப்பியில் அடைத்து, 27 டிகிரி வெப்பத்தில், வெளிச்சம் படாமல் மூன்று நாள் வைப்பான். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் அதற்குள் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழித்தன என்று அளப்பான். குளிக்கத் தகுந்த ஆற்றில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது.

இப்படிப்பட்ட எண்களுக்கு நீதிமன்றத்தில் மதிப்பு உண்டு. செம்பூரை அடுத்த மாஹுல் பகுதியின் காற்று மாசு வழக்கில், நான்கு நிறுவனங்கள் சுமார் 286 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தும்படி 2020-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. காற்றை அளந்தவர்கள் இல்லாதிருந்தால், அது வெறும் "நாற்றம் அடிக்கிறது" என்ற முறையீடாகவே நின்றிருக்கும்.

வேலை கிடைக்குமா என்பீர்கள். ஆய்வுக்கூடங்கள், தொழிற்சாலைகள், 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தயாரிக்கும் நிறுவனங்கள் உண்டு. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமை அலுவலகம் நமக்கருகே சயானிலேயே இருக்கிறது. ஆகிலும், பல பதவிகளுக்குப் பொறியியல் பட்டமோ முதுநிலைப் பட்டமோ கேட்பார்கள். மூன்றாண்டுப் பட்டத்தோடு நிற்பவருக்குத் தொடக்கச் சம்பளம் கைக்கும் வாய்க்கும்தான் வரும். ஆகையால் முதுநிலைக்கும் சேர்த்தே பணத்தைத் திட்டமிடுங்கள். பவாயில் ஐ.ஐ.டி.யும், தேவனாரில் டாடா சமூக அறிவியல் நிறுவனமும் இத்துறை சார்ந்த முதுநிலைப் படிப்புகளை நடத்துகின்றன.

அநேகர் அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்திய வனப்பணித் தேர்வு எழுத, பட்டப்படிப்பில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுள் ஒன்றாவது பாடமாக இருக்கவேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். அந்தப் பட்டியலில் சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயரே கிடையாது! காடுகளைக் காக்கும் பணிக்கு இப்படியொரு விதி இருப்பது எனக்கு விசித்திரமாகவே தோன்றுகிறது. ஆனாலும் விதி விதிதான்.

ஆகவே படிவத்தில் கையொப்பமிடுமுன், பிள்ளையோடு நீங்களும் கல்லூரி அலுவலகத்திற்குச் செல்லுங்கள். துணைப்பாடமாக, இப்போது 'மைனர்' என்கிறார்களே, அதில் வேதியியலோ தாவரவியலோ கிடைக்குமா என்று கேளுங்கள். பட்டச் சான்றிதழில் பாடத்தின் பெயர் எப்படி அச்சாகும் என்றும் கேளுங்கள். சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்பதை, அலுவலகத்தில் அல்ல, அந்த மாணவர்களிடமே விசாரியுங்கள்.