விரவலுக்கு ஆகும் காலம்

நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுப் படிகம் ஒன்றை இட்டு, நிறம் பரவுவதைக் காட்டி, அதுவே விரவல் எனக் கூறுவது பள்ளிகளில் வழக்கம். சில நிமிடங்களில் நீரெங்கும் ஊதா நிறம் படர்கிறது. இக்காட்சி மாணவர் மனத்தில் பிழையான கருத்தை ஊன்றிவிடுகிறது என்பது எமது எண்ணம். நிறத்தைச் சுமந்து செல்வது பெரும்பாலும் நீரோட்டமே; விரவல் அன்று. விரவல் மட்டும் நிகழுமாயின், நிறம் ஒரு சென்டிமீட்டர் செல்லவே ஏறத்தாழ 9 மணி நேரம் ஆகும்.

இக்காலத்தை மதிப்பிடுவது கடினமன்று. 1905-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் கண்ட தொடர்பின்படி, தூரத்தின் வர்க்கத்தை விரவல் கெழுவின் இரு மடங்கால் வகுத்தால் போதும். உயிரணுவினுள் நடுத்தரமான புரதம் ஒன்றின் விரவல் கெழு, வினாடிக்கு ஏறத்தாழ 10 சதுர மைக்ரான். ஆகவே 1 மைக்ரான் அளவுள்ள பாக்டீரியத்தைக் கடக்க அதற்கு 1/20 வினாடி வேண்டும். 10 மைக்ரான் அளவுள்ள உயிரணுவைக் கடக்க 5 வினாடி வேண்டும். தூரம் பத்து மடங்காயின், காலம் நூறு மடங்காகிறது.

முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஒரு மீட்டர் நீளும் நரம்பிழையில், அதே புரதம் விரவலால் மட்டும் செல்வதாயின் 1,500 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! ஆதலின் நரம்பணு, 1985-இல் கண்டறியப்பட்ட கினீசின் முதலிய இயக்கப் புரதங்களைக் கொண்டு பொருள்களை இழுத்துச் செல்கிறது. அவற்றுள் விரைந்து செல்வன இத்தூரத்தைச் சில நாள்களில் கடக்கின்றன.

களப்பணியாளருக்கும் இக்கணக்கு பயன்படும். ஆக்சிஜன் ஒரு சென்டிமீட்டர் விரவுவதற்குக் காற்றில் சில வினாடிகளே ஆகும். அசைவற்ற நீரிலோ ஏறத்தாழ 7 மணி நேரம் ஆகும். நீர் தேங்கிய நிலத்தில் பல பயிர்களின் வேர்கள் மூச்சின்றி வாடுவதும், வேர் வரை காற்றறைகளையுடைய நெற்பயிர் அங்குத் தழைப்பதும் இதனாலேயே.

எனவே ஆசிரியர்கள் குவளையை விடுத்து, உறைந்த அகார் உள்ள சோதனைக் குழாயின் மேல் சாயநீரை ஊற்றி, முதல் மணியின் முடிவிலும் நான்காம் மணியின் முடிவிலும் நிறத்தின் எல்லையைக் குறிக்கச் செய்வார்களாக. காலம் நான்கு மடங்காகியும் தூரம் ஏறத்தாழ இரு மடங்கே ஆகியிருப்பதை மாணவர் தாமே அளந்தறிவர். அதன்பின், உயிரணுக்கள் பெரும்பாலும் சிறியனவாக இருப்பது ஏன் என்னும் வினாவுக்கு அவர்களே விடை தேடத் தொடங்குவர்.