சட்டம் போட்டு மாட்டிய சாதி

வெள்ளை நகரத்தில் பழைய வீடுகளைப் புதுப்பித்து நடத்தும் விடுதிகளுக்குள் போனால் சுவரில் அந்தப் படங்களைப் பார்க்கலாம். ஓர் ஆண், ஒரு பெண், கையில் பானையோ செருப்போ. பின்னால் தெருவும் இல்லை, வீடும் இல்லை. கீழே பிரெஞ்சில் சாதிப் பெயர். கேட்டால், "அந்தக் கால அன்றாட வாழ்க்கை" என்கிறார்கள். யாருடைய அன்றாடம்?

பியர் சொன்னெரா 1782இல் பாரிசில் வெளியிட்ட பயண நூலில் 140 செப்புத்தகட்டு அச்சுப் படங்கள். அவற்றில் பல நம் பக்கத்துத் தொழில்களும் சாதிகளும். 1827 முதல் 1835 வரை 'பிரெஞ்சு இந்தியா' என்று 144 கல்லச்சுப் படங்கள் வந்தன. அதன் நீண்ட தலைப்பு கடவுள்கள், கோயில்கள், உடைகள், முகத்தோற்றங்கள், ஆயுதங்கள், பாத்திரங்கள் என்று போகிறது. சாமான்களோடு சாமானாக நம் முகங்கள்! வெள்ளைக்காரன் வேலை என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது தோழர்களே. தஞ்சாவூர், திருச்சி ஓவியர்களும் இதே சாதி ஜோடிகளை வரைந்து விற்றார்கள். அட்டவணை பாரிசிலிருந்து கப்பலில் வரவில்லை. (பிரெஞ்சுக்காரர் நம் பெயரையே எடுத்துக்கொண்டு போய் 'பரியா' என்று ஒதுக்கப்பட்டவனுக்கான பொதுச்சொல்லாக்கினார்கள்; 1821இல் பாரிஸ் மேடையில் அந்தப் பெயரில் நாடகமே ஓடியது.)

இந்தப் படங்களில் யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் ஊரில் கேட்டார்கள். 1745இல் சம்பா கோயிலுக்குள் பறையர் கிறித்தவர்களையும் மற்றவர்களையும் பிரித்த சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த விவகாரம் பற்றிக்கொள்ள, இங்குள்ள நம் மக்கள் பாதிரியாரிடம் முறையிட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கிறது. நம் முன்னோர்களின் அன்றாடத்தில் இதுவும் உண்டு. இதை எந்த விடுதிச் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள்?

ஜப்பானைப் பாருங்கள். ஹொக்குசாய், ஹிரோஷிகேயின் மரக்கட்டை அச்சுகளை உலகமே கொண்டாடுகிறது, நமக்கும் பிடிக்கும். அதே மரக்கட்டை அச்சில்தான் எதோ காலத்து நகர வரைபடங்களும் வந்தன. தோல் பதனிட்டவர்கள், தைக்கோ மேளத்துக்குத் தோல் கட்டியவர்கள் வாழ்ந்த இடங்களில் அவர்களின் இழிபெயரை அச்சிட்டார்கள். பறைக்குத் தோல் கட்டிய நமக்கு இது புரியாதா? 1871இல் அரசாணை அந்தப் பெயரை ஒழித்தது. முகவரி ஒழியவில்லை. புராக்கு ஊர்ப் பட்டியல்களை நிறுவனங்கள் விலைக்கு வாங்கி, வேலைக்கு ஆள் எடுக்கும்போது பார்த்தது 1975இல் அம்பலமானது. 2009 வாக்கில் கூகுள் எர்த் பழைய வரைபடங்களை அப்படியே ஏற்றியபோது புராக்கு விடுதலை இயக்கத்தினர் எதிர்த்தார்கள். கூகுள் சத்தமில்லாமல் அந்தச் சொற்களை அழித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

அழிப்பதும் நமக்கு வேண்டாம். படத்தைக் கழற்றச் சொல்லவில்லை. எந்த நூலில் வந்தது, யாருக்காக வரைந்தது, அந்தச் சாதியார் இந்தத் தெருவில் அன்று குடியிருக்க முடிந்ததா என்று பக்கத்தில் தமிழில் நாலு வரி எழுதுங்கள். ஒரு இரவு வாடகைக்கு நம்மில் பலரின் மாதச் சம்பளத்தை வாங்கும் விடுதிக்கு ஒரு அட்டை பெரிய செலவில்லை. அவர்கள் எழுதும்வரை நாம் காத்திருக்கப் போவதில்லை. மாணவர்கள் ஆளுக்கொரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு தெரிந்தவர்கள் அடிக்குறிப்பை மொழிபெயர்த்துத் தாருங்கள். குறிப்பை எழுதி நாமே கொண்டுபோய்க் கொடுப்போம்.