எந்தப் போலி?

மாயை, போலி, பாசாங்கு, கானல், வேடம், பொய்த்தோற்றம் ஆகிய அனைத்தையும் ஒரே வரியில் காற்புள்ளியிட்டு அடுக்கி, 'ஒருபொருட் பன்மொழி' என்று முடித்துவிடும் கையகராதிகள் மீது எங்களுக்கு நெடுநாளாக வருத்தம் உண்டு. அந்த வழக்கம் அகராதியோடு நின்றிருந்தால் பேசாமலே இருந்திருப்போம். இப்போது அது மதிப்புரைக்குள்ளும் புகுந்துவிட்டது.

சுத்துக்கேணியில் நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் மாதம் ஒருமுறை கூடி வாசிப்பவர்கள் நாங்கள். அங்கு வரும் இளைஞர் ஒருவர் தம் முதல் கவிதைத் தொகுப்பைச் சொந்தக் காசில் அச்சிட்டார். சிற்றிதழ் ஒன்று அதற்கு ஒதுக்கியது நான்கே வரி. முதல் வரியில் 'போலிக் கவிதைகள்', இரண்டாவதில் 'வெறும் மாயை', மூன்றாவதில் 'பாசாங்கு'. நான்காவது வரி நூலின் விலை. அதன்பின் அந்த இளைஞர் திண்ணைக்கு வருகிறார், கேட்கிறார், எதையும் வாசிப்பதில்லை. கவிதைகள் மோசமானவை என்று மதிப்புரையாளர் சொல்லியிருந்தால் வாதாடியிருக்கலாம். அவர் சொன்னதோ ஒன்றையொன்று மறுக்கும் மூன்று குற்றச்சாட்டுகள். அது அவருக்கே தெரியவில்லை என்பதுதான் எங்கள் வழக்கு.

போலியை எடுத்துக்கொள்வோம். 'போல்' என்பதிலிருந்து பிறந்த சொல். இலக்கணத்தில் அது மரியாதையோடு வாழ்கிறது. நிலம் நிலன் ஆகும். பந்தல் பந்தர் ஆகும். மயல் மையல் ஆகும். ஐந்து அஞ்சு ஆகும். ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து வந்து நின்று, பொருளைச் சிறிதும் சிதைக்காமல் வேலை செய்தால் அது போலி. இல்முன் என்பது முன்றில் ஆவதும், வாய்க்கால் கால்வாய் ஆவதும் இலக்கணப் போலி என்று பள்ளிப் பாடநூலே சொல்கிறது. சங்கராபரணியிலிருந்து ஊசுட்டேரிக்கு நீர் கொண்டுபோகும் சுத்துக்கேணி வாய்க்காலைக் கால்வாய் என்றழைத்தால் ஒரு குடம் நீரும் குறைந்துவிடாது. போலி மருத்துவரும் போலிப் பத்திரமும் வந்த பிறகு இந்தச் சொல் கறைபட்டது உண்மைதான். அதற்காக, ஒன்றைப் போல இருப்பதே குற்றமாகிவிடுமா?

வள்ளுவர் இதில் நம்மைவிடக் கவனமானவர். கூடாவொழுக்கம் அதிகாரத்தில் துறந்தவரைப் போல இருப்பதை மட்டும் அவர் குற்றம் சாட்டவில்லை. அதோடு வஞ்சிப்பதையும் சேர்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார். புலித்தோல் போர்த்த பசு, புதரில் ஒளிந்த வேடன், கீழே மூக்குக் கறுத்த குன்றிமணி என்று அவர் காட்டும் உவமைகள் பெரும்பாலும் உள்ளொன்று புறமொன்றானவை. பாசாங்கு என்பது அதுதான். தனக்குத் தெரிந்தே செய்பவன் ஒருவன் வேண்டும். அந்த இளைஞர் யாரை ஏமாற்றினார்? மூத்த கவிஞர் ஒருவரின் நடை அவர் கவிதைகளில் படிந்திருக்கிறது, உண்மை. பழைய பொருளில் அதைப் போலி என்றால் ஒப்புக்கொள்வோம். பாசாங்கு என்றால் சான்று கேட்போம்.

கானலில் குற்றவாளியே இல்லை. வெயிலும் மணலும் பார்ப்பவன் கண்ணும் மட்டுமே உண்டு. சங்கப் பாலைப் பாடல்களில் அதற்குப் பெயர் பேய்த்தேர். அக்காலத்தில் கானல் என்றால் கடற்கரைச் சோலை. சிலப்பதிகாரத்தின் கானல்வரி அந்தச் சோலையின் பெயரால் அமைந்தது. சோலையைக் குறித்த சொல் இல்லாத நீரைக் குறிக்க வந்தது ஒரு தனிக்கதை. அதை இங்கே தொடரவில்லை.

மாயைக்கு வருவோம். மதிப்புரையாளர் 'வெறும் மாயை' என்றார். எந்த மாயை? அத்வைதியிடம் கேட்டால், உள்ளது என்றும் இல்லது என்றும் சொல்ல முடியாதது என்பார். சைவ சித்தாந்தியிடம் அந்தப் பதில் செல்லாது. அவருக்கு மாயை பொய்யே அன்று, ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களுள் ஒன்று, உலகுக்கு முதற்காரணம், என்றும் உள்ளது. பானைக்கு மண் எப்படியோ உலகுக்கு மாயை அப்படி. ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு உடலும் கருவிகளும் தந்து சிறிது அறிய உதவுவதும் அதுவே. அதனால்தான் 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் அதை இரவு முடியும்வரை எரியும் விளக்குக்கு ஒப்பிட்டார். மெய்கண்டார் மரபு மாயாவாதத்தோடு தலைமுறை தலைமுறையாக வாதிட்டது இந்த ஒரு சொல்லின் பொருளுக்காகவும்தான். அத்தனை வாதத்தையும் ஒரு காற்புள்ளியில் கரைத்துவிட்டு 'மாயை = பொய்த்தோற்றம்' என்று எழுதுவது ஒரு தரப்புக்கு மட்டும் தீர்ப்பளிப்பதாகும்.

நிகண்டுகளும் இப்படித்தானே அடுக்கின என்று கேட்கலாம். நிகண்டு மனப்பாடத்துக்கு எழுதப்பட்ட செய்யுள். எதுகைக்கும் மோனைக்கும் சொல் தேடும் புலவனுக்குக் கருவி. சொற்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை அவன் ஆசிரியரிடம் பாடம் கேட்டு அறிந்தான். நாம் பட்டியலை வைத்துக்கொண்டு ஆசிரியரை விட்டுவிட்டோம். 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி சொல்லுக்குச் சொல் வைக்காமல், பொருளை விளக்கி எடுத்துக்காட்டு வாக்கியமும் தந்தது. அதை அலமாரியில் வைத்திருப்பவர்களே இப்படி எழுதுவதுதான் வேதனை.

ஒன்றைப் போல இருப்பதால் ஒன்றைத் தள்ளுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு பாடம் உண்டு. 1945இல் அரிக்கமேட்டில் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், உட்புறத்தில் சிறு கோடுகளை வட்டவட்டமாக உருட்டிப் பதித்த ரௌலட்டட் வகைத் தட்டுகளில் சிறந்தவை மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்தவை என்றும், தரம் குறைந்தவை உள்ளூர்ப் பிரதிகள் என்றும் கருதினார். அங்கே அவருக்குப் பின் அகழ்ந்து, சுத்துக்கேணியின் ஈமக்காடுகளையும் ஆராய்ந்த கசால் தம்பதியர் 1956இல் நூல் வெளியிட்டனர். 1980களில் விமலா பெக்லி வீலரின் கருத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். 2005இல் வெளியான மண் வேதியியல் ஆய்வு, அந்தத் தட்டுகள் இந்திய மண்ணில் செய்யப்பட்டவை என்றது. அசல் என்று எண்ணியவையும் இந்நாட்டுக் குயவர் கைவேலையே. தொழில்நுட்பத்தை வெளியிலிருந்து கற்றிருக்கலாம். அதனால் தட்டு பொய்த்தட்டு ஆகிவிடவில்லை, அதில் சோறும் உண்டிருப்பார்கள்.

மதிப்புரையாளருக்கு எங்கள் கேள்வி ஒன்றே. அந்தக் கவிதைகள் பிறர் நடையைப் போன்றவையா, வாசகனை ஏமாற்றுபவையா, அல்லது நீங்கள் நீரென்று எண்ணி ஓடிப்போய் மணலைக் கண்டீர்களா? மூன்றில் ஒன்றைச் சொல்லி, ஒரு கவிதையையாவது எடுத்துக்காட்டி எழுதுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில், அந்த இளைஞர் உட்கார்ந்திருக்கும்போதே, அதை முழுமையாக வாசிக்கிறோம்.